மாதம்மா வீட்டுச் சுவரில் ஒரு சிவப்பு அம்பு

நேற்று காலை மைசூரில் ஹெப்பாள் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். இரண்டு இளைஞர்கள் ஏதோ அளக்கும் கருவியை நிறுத்தி, பக்கத்து மதிலில் சிவப்புப் பெயின்டைப் பீய்ச்சினார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் என் கை தானாகத் தலையைப் பொத்திக்கொண்டது. அருகில் நின்ற பெண் ஓரடி தள்ளிப் போனாள். அவளைக் குறை சொல்ல முடியாது.

தொண்ணூறுகளில் மைசூருக்கு மழைநீர் வடிகால் திட்டம் போட்டபோது, தரையின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. மாதேஸ்வரன் மலைப் பக்கத்து மார்டள்ளியில் எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான், டிப்ளமோ வேறு. பாடப்புத்தகத்தில் இருப்பதுபோலத்தான் உலகமும் இருக்கும் என்று நம்பினேன். புத்தகம் சொன்னது இது: உயரம் அளந்த இடத்தில் சிவப்பு அம்பு போட்டு 'பி.எம்.', அதாவது பெஞ்ச்மார்க், என்று எழுத வேண்டும். அது யாரும் இடிக்காத இடமாக இருக்க வேண்டும். கோயில் படி, பாலத்தின் மூலை, அந்த மாதிரி.

தேவராஜ மொஹல்லா என்ற பேட்டையின் மழைத்தண்ணீர் இறங்கும் கால்வாயின் திருப்பத்தில் கோயிலும் இல்லை, பாலமும் இல்லை. எங்கள் மலைப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த தமிழ்ச் சனங்களின் தகரக் கூரை வீடுகள்தான். அதில் மாதம்மா என்பவளின் வீட்டுக்கு மட்டும் கருங்கல் அஸ்திவாரம். அதற்கு மேலே அம்பைப் போட்டுவிட்டு, பின்னால் தள்ளி நின்று அழகு வேறு பார்த்தேன்.

முதல் கல் தோளில் விழுந்தது. அளவுகோல் பிடிக்க வந்தவர் இரண்டாவது கல்லுக்குக் காத்திருக்கவில்லை, ஓடிவிட்டார். முந்தின வருஷம் வேறொரு பேட்டையில் இப்படிச் சிவப்பு பூசிவிட்டுத்தான் புல்டோசர் வந்ததாம். அது எனக்குத் தெரியாது. அளவுகோலைக் கல்லால் அடித்து முறித்தார்கள். மாதம்மா விறகுக்கட்டையால் என் மண்டையைப் பிளந்தாள். கண்ணில் ரத்தம் வழிய நான் கட்டிப்பிடித்திருந்தது என் கணக்கு நோட்டை.

"ஏண்டா, எங்கூர்ப் பேச்சுப் பேசிக்கிட்டே எங்க ஊட்டை இடிக்க வந்திருக்கறயா?"

"இடிக்காத எடத்துலதானுங்கக்கா இந்தக் குறி வெப்போம். மாதேஸ்வரன் சத்தியமா இடிக்க மாட்டாங்க. தண்ணி ஊட்டுக்குள்ள வராமப் பண்ணத்தான் வந்திருக்கறோம்."

அந்த மலைச்சாமி பேரில் எங்கள் பக்கத்தில் யாரும் பொய்ச் சத்தியம் செய்வதில்லை. கட்டை இறங்கியது. அவளே காயத்தில் காப்பித்தூளை அப்பித் துணி கட்டிவிட்டாள்.

அலுவலகத்தில் வரைபடம் போட்டபோதுதான் தெரிந்தது. கால்வாயிலேயே மிகவும் ஒடுங்கிய இடம் அந்தத் திருப்பம். தண்ணீர் அங்கேதான் முட்டி, மேல்தெருக்கள் வரை எதிர்த்து ஏறுகிறது. அகலப்படுத்தும் கோடு என் அம்பின் மேலேயே போனது. மூன்று முறை கணக்குப் போட்டேன். ஒரு எண்ணை மாற்றினால் போதும், கோடு எதிர்க்கரைக் காலிமனைக்குத் தள்ளிப்போகும். ஆனால் அந்தப் பக்கம் மேடு, தண்ணீர் ஏறாது. ரப்பரை எடுத்தேன், திரும்ப வைத்துவிட்டேன். எங்கள் என்ஜினியர் ரயில்வே குடும்பத்துத் தமிழர். சத்தியம் செய்ததைச் சொன்னேன்.

"நீ சத்தியம் பண்ணேன்னு தண்ணி வளைஞ்சு போகுமாப்பா?" என்றார்.

எண்ணை மாற்றவில்லை.

அடுத்த மழைக்கு முன்னால் இடித்தார்கள். கோடு எங்கே போகிறது என்று காட்ட, வரைபடத்தோடு நான் நிற்க வேண்டியிருந்தது. தடுத்தவர்களின் கால்களில் லத்தி இறங்கியது. மாதம்மாவை முடியைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். எடுக்க விடாத பாத்திரங்களின் மேல் கூரைத் தகரம் மடிந்து விழுந்தது. கருங்கல் மட்டும் இரண்டு இடிக்கு அசையவில்லை, மூன்றாவதில் பெயர்ந்தது. என் மேல் எறிய அவள் கல் எதையும் எடுக்கவில்லை.

"தண்ணி ஊட்டுக்குள்ள வராதுன்னியே. நெசந்தான். இனி எந்த ஊட்டுக்குள்ள வரும்?"

இன்று கால்வாய்க்கு மேலே கான்கிரீட் மூடி. அதன் மேல் கார்கள் நிற்கின்றன. எவ்வளவு மழை பெய்தாலும் மேல்தெருவில் தண்ணீர் தேங்குவதில்லை. என் கணக்கு சரி. அந்த வரிசை வீடுகள் இல்லை, சாயங்காலத்தில் அங்கே கேட்ட எங்கள் ஊர்ப் பேச்சும் சண்டையும் இல்லை. அவர்கள் எங்கே போகிறார்கள் என்று அன்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாதம்மா சொல்லியிருப்பாள், இன்னொரு தடவை மண்டையைப் பிளந்துவிட்டாவது.