பீர் காய்ச்சிய அண்டா

என் கணவரின் கல்லூரி நண்பர் ஒருவர் பக்கத்து ஊரான எடிசனில் இருக்கிறார். அவர் வீட்டு பேஸ்மென்ட்டில் பீர் காய்ச்சும் மெஷின் ஒன்று உண்டு. பளபளவென்று ஸ்டீல் உடம்பு, முன்னால் டிஜிட்டல் திரை, போனிலிருந்தே சூட்டைக் கூட்டலாம், குறைக்கலாம். ஓர் அக்டோபர் சனிக்கிழமை அங்கே பார்ட்டி. வழக்கம்போல ஆண்கள் கீழே மெஷினைச் சுற்றி, பெண்கள் மேலே சோபாவைச் சுற்றி. பஜ்ஜித் தட்டை எடுத்துக்கொண்டு கீழே போனவள், சும்மா வராமல் ஒரு கேள்வி கேட்டேன்.

"பார்லிய எவ்ளோ சூட்டுல ஊற வைக்கறீங்கண்ணா?"

"அதெல்லாம் மெஷினே பாத்துக்கும் சிஸ்டர்."

"மெஷின் இல்லாம பண்ண முடியாதா?"

"சான்ஸே இல்ல. இதெல்லாம் கொஞ்சம் டெக்னிக்கல்." ஒரு பஜ்ஜியை வாயில் போட்டுக்கொண்டு சொன்னார்: "பஜ்ஜி சூப்பர், சிஸ்டர்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என் கணவரும் கொஞ்சம் சிரித்தார், அதை நான் மறக்கவில்லை. பிஸ்கட்டவேயில் ஒரு மருந்து கம்பெனி லேபில் பதினான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். அங்கே என் வேலையே ஈஸ்ட் வளர்ப்பதுதான்.

எங்கள் வீடு இருக்கும் பிளெய்ன்ஸ்பரோவுக்குத் திரும்பும் வழியில் காரிலேயே சொல்லிவிட்டேன். "மெஷின் இல்லாம நான் பண்ணிக் காட்டறேன்."

"நீ குடிக்கறதே அரை கிளாஸ்."

"அந்த அரை கிளாஸ நானே பண்ணிக்கறேன்."

இரண்டு வாரம் இன்டர்நெட்டில் தேடினேன். தேடத் தேட எரிச்சல்தான் வந்தது. ஆரம்பிப்பவர்களுக்கு என்று தலைப்புப் போட்டுவிட்டு, ஆற வைக்கச் செம்புச் சுருள் வேண்டும், பம்ப் வேண்டும், தானியம் உடைக்கும் மில் வேண்டும், மூன்று பெரிய பாத்திரம் வேண்டும் என்று ஒவ்வொரு ஆளும் அடுக்கிக்கொண்டே போகிறான். அடேயப்பா, கல்யாணச் சீர் வரிசை கெட்டது போங்கள்! எல்லாவற்றையும் மூடி வைத்துவிட்டு நானே யோசித்தேன். முளைகட்டிக் காய வைத்த பார்லி, சூடான தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊற வேண்டும். வடிகட்ட வேண்டும். அந்தத் தண்ணீரைக் கசப்புக்காக ஹாப்ஸ் பூ போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க வைத்து ஆற வைக்க வேண்டும். பிறகு சுத்தமான வாளியில் ஊற்றி ஈஸ்ட் போட வேண்டும். அவ்வளவுதான் சமாசாரம். தினம் சோறு வடிக்கிறவளுக்கு இதில் எது டெக்னிக்கல்?

எனவே சமையலறையில் இல்லாததை மட்டும் வாங்குவது என்று முடிவு செய்தேன். நல்ல தெர்மாமீட்டர் ஒன்று. காற்று வெளியேற மட்டும் வழி வைத்த மூடியோடு ஒரு பிளாஸ்டிக் வாளி. ஒரு ரப்பர் குழாய், பாட்டிலுக்கு மூடி அழுத்தும் கருவி, கிருமி கொல்லும் மருந்து. தெர்மாமீட்டரிலும் மருந்திலும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள், மற்ற எல்லாவற்றிலும் தாராளமாகப் பாருங்கள். காலி பாட்டில்களை அந்த நண்பர் வீட்டு ரீசைக்கிளிங் தொட்டியிலிருந்தே கேட்டு வாங்கி வந்தேன். அவருக்கு ஒரே சிரிப்பு.

பாத்திரம்தான் பெரிய கேள்வி. தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு வான்கோழி பொரிப்பதற்கென்று இங்கே உயரமாக, ஒடுக்கமாக ஒரு அலுமினியப் பாத்திரம் விற்கிறார்கள், அதற்கென்றே கேஸ் அடுப்போடு. விலை குறைவு என்பதால் பீர் காய்ச்சப் பலரும் அதைத்தான் வாங்குகிறார்கள். கடைக்குப் போய் அதை நாலு முறை தூக்கிப் பார்த்துவிட்டு வந்தேன். அப்பளம் மாதிரி மெல்லிய அடி. வெளியே வைத்து எரிக்கும் அந்தக் கேஸ் அடுப்புக்கு எங்கள் அபார்ட்மென்ட்டில் அனுமதியும் கிடையாது. வீட்டுக்கு வந்து சாமான் அலமாரியைத் திறந்தால், என்னுடைய நாற்பது லிட்டர் எவர்சில்வர் அண்டா உட்கார்ந்திருக்கிறது. கனமான அடி. ஓக் ட்ரீ ரோட்டில் ஒரு பாத்திரக் கடையை மூடியபோது வாங்கியது. ஆறு வருடமாக எங்கள் வட்டாரத் தமிழர்கள் கூடிப் பொங்கல் வைப்பது அந்த அண்டாவில்தான். வருடத்தில் ஒரு நாள் பொங்கல், மீதி நாளெல்லாம் தூக்கம். இதைவிட மலிவாக ஒரு பாத்திரம் யாருக்குக் கிடைக்கும்?

முதல் முறை நான் செய்தது நம்மவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. பார்லியைக் கேழ்வரகுபோல நினைத்து மிக்ஸியில் மையாக அரைத்துவிட்டேன். வடிகட்டும் துணிக்குக் கணவரின் கல்யாண வேட்டி. ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் அண்டா நிறையக் களி! வேட்டியை மூட்டையாகக் கட்டி பாத்ரூம் திரைக் கம்பியில் தொங்கவிட்டோம். சொட்டு இறங்கவில்லை, கம்பிதான் இறங்கியது. வேட்டியும் போச்சு, கம்பியும் போச்சு. தானியம் விற்ற கடையில் கேட்டிருந்தால் அவர்களே உடைத்துக் கொடுத்திருப்பார்கள். கேட்க எனக்குத் திமிர்.

டிசம்பரில் திமிரை மடித்து வைத்துவிட்டுப் போய்க் கேட்டேன். உமி அப்படியே இருக்க, ஒவ்வொரு மணியும் இரண்டாக, மூன்றாக உடைந்து வந்தது. அந்த உமிதான் வடிகட்டி, அதைத்தான் நான் மாவாக்கியிருந்தேன். இந்தத் தடவை தண்ணீர் தேன் நிறத்தில் இறங்கியது. செம்புச் சுருளுக்குப் பதிலாகப் பின்கதவுக்கு வெளியே பேடியோவில் கிடந்த பனியில் அண்டாவைப் புதைத்து ஆற வைத்தேன். பிறகு வாளிக்கு மாற்றி ஈஸ்ட் போட்டு மூடினேன். அதாவது அண்டாவில் கொதித்தது வெறும் பார்லிக் கஞ்சித் தண்ணீர், அது பீராக மாறியது வாளியில். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி இரண்டாவது வாரம் முதல் பாட்டிலைத் திறந்தோம். நுரை நின்றது. லேசான கசப்பு, பின்னாலேயே ரொட்டி வாசனை. அரை கிளாஸ் குடிக்கிறவள் அன்றைக்கு ஒரு கிளாஸ் குடித்தேன். கணவர் தலைகால் புரியாமல் இரண்டு பாட்டிலை எடுத்துக்கொண்டு எடிசனுக்கு ஓடினார். என்ன மெஷின் என்று நண்பர் கேட்க, "மெஷினாவது ஒண்ணாவது, நம்ம பொங்கல் அண்டாடா" என்று இவர் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அதுதான் வினை.

மறுநாளே போன் வந்தது. பொங்கல் ஏற்பாடுகளையெல்லாம் பார்த்துக்கொள்ளும் அக்கா.

"ஏம்மா, அண்டால பீர் காய்ச்சினியாமே?"

"ஆமாக்கா."

"சாமிக்குப் படைக்கற பாத்திரம்மா அது!"

"என் பாத்திரம்க்கா அது."

"சரி, நாங்க வேற பாத்திரம் பாத்துக்கறோம். நீ கேசரி மட்டும் பண்ணிட்டு வா." வைத்துவிட்டார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விட மாட்டான் என்பது சரியாகத்தான் இருக்கிறது.

கணவர் பதறினார். "அண்டால பீரே படலன்னு சொல்லேன். அதான உண்மை?"

"உண்மைதான். ஆனா அத இப்ப சொன்னா, பட்டிருந்தா தப்புன்னு நானே ஒத்துக்கற மாதிரி ஆயிடும். சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்லக் கூடாது."

வாய் வீரம் அவ்வளவுதான். உள்ளுக்குள் வலித்தது. சொந்த பந்தம் இல்லாத ஊரில் அந்தக் கூட்டம்தான் எனக்குச் சொந்தம். ஆறு வருடமாக அந்த அண்டாவுக்குப் பக்கத்தில் கரண்டியோடு நின்றவள் நான். இனி என் இடம் எது? இரண்டு நாள் அழுதேன். மூன்றாம் நாள் அண்டாவைப் புளி போட்டுத் தேய்த்துக் கார் டிக்கியில் ஏற்றினேன். கேட்டால் கொடுக்கலாம், கேட்காவிட்டால் டிக்கியிலேயே இருக்கட்டும்.

பொங்கலன்று ஹாலுக்குப் பின்னால் பார்க்கிங்கில் கேஸ் அடுப்பு வைத்திருந்தார்கள். அடுப்பின்மேல் மஞ்சள் கொத்தெல்லாம் கட்டிய புதுப் பாத்திரம். அக்கா பால் கேனைத் திறந்துகொண்டிருந்தார். எடிசன் நண்பர், பட்டு வேட்டியில், அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டிருந்தார். கிட்டே போய்ப் பார்த்தேன். உயரம். ஒடுக்கம். அப்பளம் மாதிரி அடி. உள்ளே எண்ணெய் அளவுக்கு ஒரு கோடு. நான் நாலு முறை தூக்கிப் பார்த்த பாத்திரம் எனக்கா தெரியாது?

"அண்ணா, இது உங்க வீட்டுதா?"

"ஆமா சிஸ்டர். ஒரே ஒரு தடவ யூஸ் பண்ணது."

"தேங்க்ஸ்கிவிங்குக்கா?"

அவர் முகம் மாறியது. நான் குரலைத் தாழ்த்தவில்லை. "அக்கா, இது வான்கோழி பொரிக்கற பாத்திரம். முழுக் கோழிய எண்ணெய்ல எறக்கறதுக்குன்னே விக்கறாங்க."

பால் கேன் அந்தரத்தில் நின்றது. பத்துப் பதினைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"நல்லா கழுவியாச்சு சிஸ்டர்," என்றார் நண்பர்.

"நானும் நல்லாத்தான் கழுவினேன்."

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். அதை வாய்விட்டுச் சொல்ல அவசியமே இருக்கவில்லை. அக்கா பால் கேனைக் கீழே வைத்தார். நண்பரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உன் அண்டா எங்க?"

"டிக்கில இருக்கு. ஆனா பீர் காய்ச்சின அண்டாக்கா அது. மாத்திச் சொல்ல மாட்டேன்."

"தெரிஞ்சுதான் கேக்கறேன். கொண்டா."

கொத்தை அவிழ்த்து என் அண்டாவுக்கு அவரே கட்டினார். கரண்டியை என் கையில் கொடுத்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. பால் பொங்கியபோது எல்லோரையும் விடச் சத்தமாக நான்தான் "பொங்கலோ பொங்கல்" என்று கத்தினேன். தொண்டை கட்டிக்கொண்டது.

வரிசையில் கடைசியாக எடிசன் நண்பர் வந்தார். ஒரு வாய் போட்டுக்கொண்டு, "செம சிஸ்டர். இவ்ளோ பொங்கல் எப்படி அடி பிடிக்காம பண்றீங்க?" என்றார்.

"அதெல்லாம் கொஞ்சம் டெக்னிக்கல்ணா."

கணவர் சத்தமாகவே சிரித்தார். அக்டோபரில் சிரித்ததற்கு அது சரியாகப் போயிற்று.

அந்த அண்டாவில் இதுவரை ஏழு முறை காய்ச்சிவிட்டேன். அடுத்த பொங்கலும் அதில்தான் பொங்கியது. அதில் ஒரு சொட்டு பீர்கூடப் பட்டதில்லை என்பதை மட்டும் இன்றுவரை அக்காவிடம் நான் சொல்லவில்லை.