சித்தப்பா கடையில் எத்தனை வண்டி

எங்கள் வீட்டில் மாதங்கள் கார்களை வைத்துத்தான் வந்து போயின. தீபாவளிக்கு முந்தைய மாதம் அப்பாவைக் கண்ணால் பார்க்க முடியாது. டில்லி ஜனக்புரியில் கார் வைத்திருந்த அத்தனை பேருக்கும் ஒரே வாரத்தில் வண்டி பளபளத்தாக வேண்டும். ஹோலி முடிந்த மறுநாள், கதவிலும் சீட்டிலும் அப்பிய சாயத்தை எடுக்கக் கூட்டம் வரும். மே மாதத்தில் புழுதிக்காற்று அடித்து ஓய்ந்தால் வரிசை நிற்கும். மழைக்காலத்தில் ஈரம் குடித்த சீட்டின் நாற்றத்தைப் போக்கச் சொல்லி நாலைந்து பேராவது வருவார்கள். டிசம்பரில் மூடுபனி இறங்கிவிட்டால் ஒருவரும் வரமாட்டார்கள். கழுவித் துடைத்த வண்டி மேல் மறுநாள் காலையே கரிப்புகை கலந்த பனி படிந்துவிடும்போது யார்தான் வருவார்கள்? அப்பா தன் கார் பாலிஷ் கடை வாசலில் வெயில் விழும் இடத்துக்கெல்லாம் நாற்காலியை நகர்த்திப் போட்டு உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருப்பார்.

முன்பு அந்தக் கடையில் சித்தப்பாவும் இருந்தார். கண்ணாடி அறை கட்டி, வண்டியின் மேல் இரண்டு வருஷத்துக்குப் பளபளப்புப் போகாத கோட்டிங் போட வேண்டும் என்று அவருக்கு ஆசை. நம்மிடம் வருகிறவர்களுக்குத் துணியும் பாலிஷும் போதும் என்றார் அப்பா. சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. சித்தப்பா இரண்டு தெரு தள்ளித் தனிக்கடை போட்டார். அதற்குப் பிறகு அண்ணனும் தம்பியும் ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்கவில்லை, அவ்வளவுதான். பெரிய வண்டிக்காரர்களை எல்லாம் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார் என்பது அம்மாவின் கட்சி.

சித்தப்பா மகளும் நானும் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பில் ஒரே பெஞ்சு. அவளுக்கு அந்தக் குளிருக்குப் புது ஸ்வெட்டர் வந்தது. எனக்குப் பழைய ஸ்வெட்டரின் கையை அம்மா நீட்டிப் பின்னிக் கொடுத்தாள். நீட்டிய இடத்தில் நிறம் வேறாக இருக்கும். நான் அவளைவிட நாலு மாதம் மூத்தவள். ஒருநாள்கூட அவள் என்னை அக்கா என்று கூப்பிட்டதில்லை. இதையெல்லாம் நான் மறக்காமல் மனசில் வைத்திருந்தேன்.

பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில்தான் சித்தப்பா கடை. நான் உள்ளே நுழைந்து பையைக் கீழே வைப்பதற்குள் அம்மா கேட்பாள்: "ஏட்டி, சித்தப்பா கடையில எத்தன வண்டி நிக்குது?"

கடை முன்னால் வெள்ளி நிற உறை போர்த்திய வண்டிகள் நெருக்கியடித்து நிற்கும். ஆறு, மறுநாளும் ஆறு, அப்புறம் ஏழு. சொன்னதும் அம்மா அடுக்களைக்குப் போய்விடுவாள். பாத்திரம் தேய்க்கும் சத்தம் மட்டும் கூடும். குளிர்காலம் எல்லோருக்கும் பொதுவாகத்தானே வருகிறது, சித்தப்பா கடைக்கு மட்டும் எப்படி விலகிப் போகிறது என்று சாமியிடமே கேட்டிருக்கிறேன்.

ஒருநாள் ஏழு வண்டி பார்த்துவிட்டு வந்து மூன்று என்று சொன்னேன். அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். அன்றைக்குச் சாயந்திரம் கேசரி கிண்டினாள். அடுத்த நாள் இரண்டு என்றேன். அதற்கடுத்த நாள் ஒன்று. சனிக்கிழமை, கொஞ்சம் துணிச்சல் கூடிப்போய், "ஒண்ணுகூட இல்லம்மா. சித்தப்பா சும்மா உக்காந்திருக்காங்க" என்று சொல்லிவிட்டேன். ஹீட்டர் முன்னால் துடைக்கிற துணிகளை உலர்த்திக்கொண்டிருந்த அப்பா அதைக் கேட்டார். துணியைத் திருப்பிப் போட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நான் கடையில் அப்பாவோடு வெயில் காய்ந்துகொண்டிருந்தேன். அப்போது ஒரு சர்தார்ஜி பெரிய கறுப்பு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். மகளுக்கு வியாழக்கிழமை கல்யாணம், பெண்ணை அனுப்பி வைக்கிற வண்டி, கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும் என்றார். அந்த மாதம் முழுக்க அப்படி ஒரு வண்டி எங்கள் கடைக்கு வந்ததில்லை. சித்தப்பா மகளிடம் நாளைக்கு இதை எப்படிச் சொல்வது என்று நான் வாக்கியம் தயார் செய்ய ஆரம்பித்துவிட்டேன்.

அப்பா வண்டியைச் சுற்றி வந்தார். கறுப்பு நிறத்துக்கு வெறும் பாலிஷ் நிற்காது, கோட்டிங் போட வேண்டும், அது என் தம்பி கைக்குத்தான் வரும், நானே கொண்டுபோய் விடுகிறேன் என்று ஹிந்தியில் நிதானமாகச் சொன்னார். சர்தார்ஜி சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். "ஏறும்மா" என்றார் அப்பா.

வண்டி போகிறதே என்ற ஆத்திரம் ஒரு பக்கம். இரண்டு தெரு தாண்டினால் என் பொய் தெரிந்துவிடும் என்ற பயம் ஒரு பக்கம். சித்தப்பா கடை முன்னால் அப்பா வண்டியை நிறுத்தினார். உறை போட்ட வண்டிகள் ஏழும் அப்படியே நின்றன. அப்பா என் பக்கம் திரும்புவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் இறங்கிப் போய்விட்டார்.

கண்ணாடி அறைக்குள் தனியாக உட்கார்ந்திருந்த சித்தப்பா எழுந்து வந்தார். "வாங்கண்ணே" என்றார். பிறகு என்னைப் பார்த்து, குளிருதா என்று கேட்டார்.

"இந்தக் கோட்டிங் எனக்கு வராது. நீ போட்டுக் கொடு. வியாழக்கிழம கல்யாணம்" என்றார் அப்பா.

சித்தப்பா கறுப்பு வண்டியைப் பார்த்தார். பிறகு ஏழு வண்டிகளையும் பார்த்துவிட்டு, இடம்தான் கொஞ்சம் நெருக்கடி என்றார். எனக்கு அந்தப் பெருமை பொறுக்கவில்லை.

"உள்ள போற வழியில நிக்குதே, அத மட்டும் நகத்து" என்றார் அப்பா.

சித்தப்பா சட்டைப்பையைத் தடவினார். "சாவி வீட்ல இருக்குண்ணே" என்றார்.

அப்பா அந்த வண்டியின் உறை மேல் கையை வைத்தார். எடுத்தபோது ஐந்து விரலும் புழுதியில் பதிந்திருந்தன. குனிந்து டயரைப் பார்த்தார், காற்று இறங்கியிருந்தது. மற்ற வண்டிகளின் சாவியை அவர் கேட்கவில்லை. "சரி, நாளைக்குக் காலைல கொண்டாரேன். இடம் பண்ணி வை" என்றார். கிளம்பும்போது, சாப்பிட்டாயா என்று சித்தப்பாவைக் கேட்டார்.

திரும்பி வரும்போது அடி விழும் என்று காத்திருந்தேன். அப்பா ரோட்டைப் பார்த்தபடியே, "நீ சொன்னது சரிதாம்மா" என்றார். பரிகாசம் செய்கிறார் என்று நினைத்தேன். அடியைவிட அது வலித்தது.

வீட்டில் அப்பா அம்மாவிடம் ஏதோ மெதுவாகச் சொன்னார். திங்கட்கிழமையிலிருந்து அம்மா வண்டிக் கணக்குக் கேட்பதை நிறுத்திவிட்டாள். வலியப் போய் எட்டு என்று சொன்னேன். கை கழுவிட்டுச் சாப்பிட வா என்றாள். எல்லோருமாகச் சேர்ந்து அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார்கள், நான் ஒருத்திதான் எங்கள் கடைக்காக நிற்கிறேன் என்று தோன்றியது. வியாழக்கிழமை கறுப்பு வண்டி ஆகாயம் தெரிகிற மினுமினுப்போடு போனது. சர்தார்ஜியின் உறவுக்காரர்கள் இரண்டு பேர் தங்கள் வண்டியையும் சித்தப்பாவிடமே கொண்டுவந்தார்கள்.

மறுநாள் சாப்பாட்டு மணி அடித்ததும் சித்தப்பா மகளை மடக்கினேன். "உங்களுக்குத்தான் ஏழு வண்டி நிக்குதே, எங்க வண்டிய எதுக்குப் பிடுங்கினீங்க?" என்று கேட்டேன். அவள் டிபன் டப்பாவைப் பாதியில் மூடினாள்.

பல வருஷம் கழித்து, இருவரும் குர்காவ்னில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது, மெட்ரோவில் அவளாகவே பேச்சை எடுத்தாள். அந்த ஏழும் தெருக்காரர்கள் நிறுத்த இடமில்லாமல் விட்டுவைத்த வண்டிகள். காலிக்கடைக்குள் யாரும் நுழையமாட்டார்கள் என்று சித்தப்பாதான் கூப்பிட்டு நிறுத்தச் சொல்லி, உறையும் வாங்கிப் போட்டிருக்கிறார். டிசம்பர் பிறந்ததிலிருந்து அந்தக் கண்ணாடி அறைக்குள் வேலைக்கென்று நுழைந்த முதல் வண்டி அப்பா கொண்டுபோனதுதான். அந்த ஸ்வெட்டர்கூட அவளுடைய மாமா அனுப்பியதாம்.

தினமும் அந்த வழியாகப் போய் ஒன்று விடாமல் எண்ணியவள் நான். ஒரு வண்டியாவது இடம் மாறியதா என்று பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

அன்று பள்ளிக்கூடத்தில் அவள் மூடிய டப்பாவை எடுத்துக்கொண்டு தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நடந்து போனாள். பணத்திமிர் என்று முடிவு செய்து, அதை வகுப்பு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.