குப்பத்துக்குள் ஜீப் வேண்டாம்

இன்று பழவேற்காடு பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு பெண் காவலர். பக்கத்தில், கொழுந்தன் அடித்ததில் நெற்றியில் தையல் போட்டிருந்த மீன்காரப் பெண்.

காவலர் மெதுவாகச் சொன்னார்: "இன்னிக்கு ட்ரெயினிங்ல சொன்னாங்கக்கா. வாக்குமூலம் குடுக்க நீ ஸ்டேஷனுக்கு வர வேணாம். நாங்களே வூட்டுக்கு வரணும். அது உன்னோட உரிமை."

"நல்லா கீதே! குப்பத்துல ஜீப்பு வந்து நின்னா, ஊரைக் கேக்காம இன்னாத்துக்குப் போலீசுக்குப் போனேன்னு பஞ்சாயத்து என்னத்தான் தள்ளி வெக்கும்."

"அப்ப உட்டுடலாமா?"

"யாரு உட்டா? காக்கிய உட்டுட்டு கலர் பொடவ கட்டிக்கினு சந்தைக்கு வாம்மா. எறா பேரம் பேசு. நான் வாக்குமூலத்த சொல்லிக்கினே இருப்பேன்."

காவலர் யோசித்துவிட்டுத் தலையாட்டினார்.

எந்தச் சந்தை என்று கேட்காதீர்கள். எங்காவது ஒரு பெண் இறாலுக்கு நெடுநேரம் பேரம் பேசினால், பின்னால் நின்று அவசரப்படுத்தாதீர்கள். அவ்வளவுதான்.