தவறான முறைக்கு ஒரு மேஸ்திரி

மருதையனைப் பற்றி எழுதுவதைப் பல நாளாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். அவரைப் பற்றி எழுதினால் என்னைப் பற்றியும் எழுத வேண்டிவரும். அது பெருமையாகச் சொல்லிக்கொள்கிற சங்கதி இல்லை.

என் வேலை என்னவென்று என் அம்மாவுக்கே இன்னும் சரியாகச் சொல்லத் தெரியாது. கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள் செல்போனில் பார்த்துக் கற்றுக்கொள்கிற மாதிரி பாடம் தயாரித்துக் கொடுக்கிறேன். தஞ்சாவூரில் மாடியில் ஓர் அறை, ஏசி, இரண்டு கம்ப்யூட்டர். போன வருஷம் நீடாமங்கலம் பக்கத்து அரிசி ஆலைக் கம்பெனி ஒன்று கூப்பிட்டது. அவர்களுக்கு ஐந்து ஆலைகள், நானூறு தொழிலாளர்கள். குடோனில் நெல் மூட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய அட்டி மேலிருந்து ஒருவர் விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டிருந்தார். அதனால் பாதுகாப்புப் பாடம் வேண்டும் என்றார் கம்பெனியின் மேனேஜர் பூர்ணிமா. அவசியமான பாடம்தான், அதில் எனக்கு இப்போதும் சந்தேகமில்லை.

பாடத்துக்குத் திட்டம் போடும்போது முதலில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். முதல் கேள்வியே ‘கற்பவர் யார்?’ என்பதுதான். பதில் தெரிய வேண்டுமானால் ஆலைக்குப் போய் நாலு பேரோடு உட்கார்ந்து பேச வேண்டும். நான் ஏசியில் உட்கார்ந்தே எழுதினேன்: ‘அதிகம் படிக்காதவர்கள். பழக்கத்தை மாற்றிக்கொள்ள மாட்டார்கள். படம் காட்டினால்தான் புரியும்.’ நிரப்பி முடிக்கப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. பிறகு ஏழு பாடம், ஒவ்வொன்றும் நாலு நிமிஷம், எழுத்து குறைவு, குரல் அதிகம், கடைசியில் ஐந்து கேள்வி என்று பிரித்தேன். நாலாவது பாடம் அட்டி ஏறுவது. அதில் ஒரு காட்சிக்கு நேராக ‘தவறான முறை: பழைய தொழிலாளி ஒருவர்’ என்று எழுதி வைத்தேன். அப்போது மருதையனை நான் பார்த்ததுகூட இல்லை.

அவருக்கு வயது ஐம்பத்தாறு. அப்பா, அம்மா இரண்டு பேரும் பண்ணையில் கூலி வேலை செய்தவர்கள். இவரும் பதினேழு வயது வரை நாற்றுக்கட்டு சுமந்தவர்தான். வயலில் வேலை இல்லாத மாதங்களில் மூட்டை தூக்க வந்து அப்படியே ஆலையில் தங்கிவிட்டார். நான் போனபோது குடோன் மேஸ்திரி. சம்பா அறுப்பு முடிந்து லாரிகள் வரிசை கட்டி நிற்கிற நாட்களில் எந்த மூட்டை எங்கே போக வேண்டும், அட்டி எத்தனை உயரம் நிற்க வேண்டும், யார் எப்போது உட்காரலாம் என்பதெல்லாம் அவர் வாயிலிருந்துதான் வரும். பன்னிரண்டு பேர் அவர் குரலுக்கு ஓடுவார்கள். அவர் சொந்தத்தில் மேஸ்திரி ஆனது அவர்தான் முதல். தெருவிலும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, மேஸ்திரிதான்.

எங்கள் அப்பா கூலி வேலை செய்பவர்களை, அந்த வயதுக்காரர்களைக்கூட, ‘வாடா, போடா’ என்பார். அதற்காக அவரோடு சண்டை போட்டிருக்கிறேன். நான் மருதையனை ‘அண்ணே’ என்றுதான் கூப்பிட்டேன். அப்படிக் கூப்பிடுவதில் எனக்குள் ஒரு பெருமை வேறு. வெட்கக்கேடு.

பழைய தொழிலாளி ஒருவர் வேண்டும் என்று கேட்டதற்குப் பூர்ணிமா காட்டியது அவரைத்தான். படம் எடுப்பதற்கு முதல் நாள் மருதையன் போன் பண்ணினார்.

“சார், வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டு வரணுமா?”

“வேண்டாம்ணே, எப்பவும் போல வாங்க.”

“நான் என்ன செய்யணும்?”

“எப்பவும் போல அட்டி ஏறணும், அவ்வளவுதான்.”

எதற்கு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொன்னால் இயல்பாக வராது என்று எனக்கு நானே ஒரு சாக்கு வைத்துக்கொண்டேன்.

காலையில் முடி வெட்டி, முகம் மழித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு வந்து நின்றார். பன்னிரண்டு பேரும் வேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டி, கையில் கொக்கியோடு, மூட்டை விளிம்பில் கால்விரலை ஊன்றிப் பதினாறு மூட்டை உயரத்தையும் ஒரே மூச்சில் ஏறினார். காலில் செருப்பில்லை, தலையில் ஹெல்மெட் இல்லை, ஏணி இல்லை. எனக்கு வேண்டிய மூன்று தவறும் ஒரே காட்சியில் கிடைத்துவிட்டன.

சரியான முறைக்கு ஆபீஸ் கிளார்க் குணசேகரனைப் பிடித்தோம். வாழ்நாளில் ஒரு மூட்டை தூக்காத மனிதர். புது ஹெல்மெட், புது ஷூ மாட்டிக்கொண்டு ஏணியில் நாலு படி ஏறுவதற்குள் அவருக்குக் கால் வெடவெடவென்று ஆடியது. ஏழு தடவை எடுத்தோம். ஏழு தடவையும் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் மருதையன்.

மருதையன் அட்டி உச்சியில் நிற்கிற இடத்தில் படத்தை நிறுத்தி, அவர் முகத்தின் மேல் சிவப்பில் பெரிய பெருக்கல் குறி போட்டேன். கூடவே ‘பேங்’ என்று ஒரு சத்தம். பிறகு ஒரு பெண் குரல், ‘இப்படிச் செய்வது தவறு. அறியாமை உயிருக்கே ஆபத்து’ என்று சொல்லும். அறியாமை என்ற வார்த்தையை எழுதியவன் நான். குணசேகரனுக்குப் பச்சை டிக். ஒரே வாரத்தில் நானூறு பேர் போனுக்கும் பாடம் போய்ச் சேர்ந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு பேர் முடித்தார்கள். பூர்ணிமா பாராட்டி மெயில் அனுப்பினார். அதை அம்மாவுக்கு உரக்க வாசித்துக் காட்டினேன்.

இரண்டு மாதம் கழித்து, பாடம் எந்த அளவுக்குப் பயன்பட்டிருக்கிறது என்று பார்க்க ஆலைக்குப் போனேன். குடோனில் வேறு யாரோ மேஸ்திரியாக நின்றுகொண்டிருந்தார். பூர்ணிமாவிடம் விசாரித்தேன்.

“அவரு மேஸ்திரி வேலை வேணாம்னு எழுதிக் குடுத்துட்டாருங்க. இப்ப தவிட்டு ரூம்ல இருக்காரு.”

“ஏங்க?”

“அந்த வீடியோ வந்ததுலேருந்து அவரு என்ன சொன்னாலும் பசங்க வாயாலயே ‘பேங்’னு சத்தம் குடுக்குறாங்க. மூட்டய இந்தப் பக்கம் போடுன்னா ‘பேங்’. மத்த மில்லுலேருந்து வர்ற லாரிக்காரங்ககூட. தப்பு மேஸ்திரின்னு பேரே வச்சுட்டாங்க. கண்டிச்சுப் பாத்தோம், நிக்கல.”

அப்படியே காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாமா என்றுதான் முதலில் யோசித்தேன்.

தவிட்டு அறையில் அவர் சாக்கு தைத்துக்கொண்டிருந்தார். புருவமெல்லாம் தவிட்டுத் தூசி. தலையில் ஹெல்மெட். அந்த அறையில் ஹெல்மெட்டுக்கு வேலையே கிடையாது. என்னைப் பார்த்ததும் எழுந்து, காலிச் சாக்கு ஒன்றை உதறிப் போட்டு உட்காரச் சொன்னார்.

“அண்ணே, மன்னிச்சிருங்க. அந்த வீடியோவ இன்னைக்கே தூக்கிடுறேன்.”

“தூக்குங்க சார்.” ஊசியை விடவில்லை. “நீங்க சொன்னது ஒண்ணும் தப்பில்ல. விழுந்தவன் என் ஆளுதான். ஏணி வேணும்னு நானே ரெண்டு தடவ ஆபீஸ்ல போயிக் கேட்டேன்.”

“அது எனக்குத் தெரியாதுண்ணே.”

“நீங்க கேக்கலயே சார். தப்பா ஏறிக் காட்டுங்க, படத்துக்குத்தான்னு சொல்லியிருந்தாலும் ஏறியிருப்பேன். பசங்ககிட்ட முன்னாடியே சொல்லி நானும் சேந்து சிரிச்சிருப்பேன். நீங்க எப்பவும் போல ஏறுங்கன்னீங்க.”

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. “மறுபடியும் மேஸ்திரியா வாங்கண்ணே. நான் மேடத்துக்கிட்ட பேசுறேன்.”

“வேணாம் சார். அதட்டி வேல வாங்கத்தான் மேஸ்திரி. எனக்கு இப்ப வாயத் தொறக்கவே கூசுது.”

கிளம்பினேன். கதவு வரைக்கும் கூட வந்தார்.

“ஒண்ணு கேக்கணும் சார். அன்னைக்கு நான் மேல போயி நின்னதும் நீங்க கை தட்டுனீங்க. பசங்களும் தட்டுனாங்க. அவனுங்க எதுக்குத் தட்டுனானுங்கன்னு எனக்குத் தெரியும். நீங்க எதுக்குத் தட்டுனீங்க?”

நான் கை தட்டியதை இதுவரை எழுதாமல் விட்டது வேண்டுமென்றுதான். தவறான முறை ஒரே தடவையில் இவ்வளவு சரியாக அமைந்துவிட்டதே என்று தட்டினேன். மருதையன் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தார்.

“நீங்க ஏறுனது அவ்வளவு நல்லா இருந்துச்சுண்ணே,” என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. “அதான் கேட்டேன் சார்,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.