கடவாப்பல் பேசின மேட்ச்

என் தம்பிக்குப் பல் செட் செய்கிற வேலை. டாக்டர் அனுப்பும் அச்சை வைத்து, மெழுகில் பல் பல்லாக அடுக்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பொக்கை வாய்க்காரர்களை ஆப்பிள் கடிக்க வைப்பான். கம்ப்யூட்டர் விளையாட்டில் அவன் பெயர் கடவாப்பல்.

ஐந்து பேருக்கு ஐந்து பேர் மோதுகிற ஆட்டம் அது. அவரவர் வீட்டில் இருந்தே ஆடுவார்கள். அணியில் ஒருவர் மட்டும் வரைபடத்தைப் பார்த்து, நீ இடது பக்கம் போ, நீ அசையாதே என்று அணிக்குள் மைக்கில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அவரைக் ‘குரல்’ என்பார்கள். நான்கு வருடமாக என் தம்பிதான் குரல். வீட்டில் உப்புக் கேட்கக்கூட வாய் திறக்காதவன், அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் ராஜா! நான் இருபது வருடமாக பஸ் ஓட்டுகிறவள். அறுபது பேரை அதட்டி உள்ளே தள்ளுகிற தொண்டை எங்கள் பரம்பரைச் சொத்து என்று பெருமைப்பட்டுக்கொள்வேன்.

அவனுக்கு ஆண்கள் மேல்தான் நாட்டம். ஆறு வருடத்துக்கு முன்னால் பாத்திரம் கழுவும்போது என்னிடம் சொன்னான். “சரி, அந்த வாணலிய நல்லா அழுத்தித் தேய்டா” என்றேன். கோபம் வந்தது உண்மை. எதிர்வீட்டுத் தபால்காரரிடம் எனக்கு முன்பே சொல்லியிருக்கிறான். கூடப் பிறந்தவள் நான் என்ன செத்தா போய்விட்டேன்?

இரண்டு மாதத்துக்கு முன்னால், தினமும் தாமதமாக வந்த ஒருவனை அணியிலிருந்து எடுத்தார்கள். அந்த நாசமாய்ப் போகிறவன், அணிக்குள் மட்டும் தெரிந்திருந்த தம்பி விஷயத்தை ஊரெல்லாம் பரப்பிவிட்டான். அதிலிருந்து ஒவ்வொரு மேட்சிலும் எதிரணிக்காரர்கள் ‘ஒம்போது’ என்று ஆரம்பித்து, எழுதக் கை கூசுகிறதெல்லாம் பேசினார்கள். அடைத்துவிடவும் வழியில்லை. ரவுண்டுக்கு ரவுண்டு நடுவரும் இரண்டு அணிக் குரல்களும் பொதுச் சேனலில்தான் பேசுவார்கள், அது எல்லாருக்கும் திறந்தே இருக்க வேண்டும் என்பது விதி. நடுவரோ “அமைதி, அமைதி” என்பதோடு சரி.

தம்பிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கடைசி மேட்ச் ஞாயிறு மத்தியானம். ஜெயித்தால் மேல் பிரிவு. அணித் தலைவி ஒரு நர்ஸ், நல்ல பெண்தான். காலையில் அவள் கூப்பிட்டாள்.

“அண்ணா, இன்னிக்கு நீங்க மைக்க அணைச்சிருங்க. நான் குரலா இருக்கேன். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

“சரிம்மா” என்றான். அவனிடம் இருந்த ஒரே இடத்தையும் காலி செய்துகொடுக்கிறானே!

முதல் ரவுண்டு தோற்றார்கள். அவள் சொல்லி முடிப்பதற்குள் எதிரி வந்து நின்றான். தம்பியின் ஹெட்போன் பழுதாகி, சத்தம் ஸ்பீக்கரில்தான் வந்துகொண்டிருந்தது. எதிரணியில் ஒருவன் சிரித்துக்கொண்டே கேட்டான்.

“என்ன, ஒம்போது இன்னிக்கு வாயே தொறக்கல? புருஷன் அடிச்சிட்டானா?”

நான் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தேன். எப்போது எழுந்தேன், எப்போது அந்த மைக்கைப் பிடுங்கிப் பொதுச் சேனல் பொத்தானை அமுக்கினேன் என்று எனக்கே தெரியாது.

“டேய் எடுபட்ட பயலே! உங்க வீட்ல சோறு போட்டுத்தான் வளத்தாங்களா, இல்ல சாக்கடையில வுட்டு எடுத்தாங்களா? தைரியம் இருந்தா நேர்ல வாடா, ரிவர்ஸ் கியர் போட்டு ஏத்துறேன்!”

பிறகு நடுவர் சொன்னார். “வெளியாள் பேசியதால் கடவாப்பல் அணி இரண்டாவது ரவுண்டும் தோற்றதாகக் கணக்கு. விதி பதினொன்று.”

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. ஐந்தில் மூன்று ரவுண்டு யாருக்கோ அவருக்குத்தான் வெற்றி. இன்னும் ஒன்று போனால் எல்லாம் முடிந்தது. “ஐயோ, நான் கெடுத்துட்டேனே தம்பி” என்றேன்.

அவன் என்னைத் திட்டவில்லை. மைக்கை வாங்கித் தன் முன்னால் வைத்துக்கொண்டான். விதிப் புத்தகத்தைத் திரையில் திறந்தான். பொதுச் சேனலிலேயே பேசினான், பத்துப் பேரும் நடுவரும் கேட்க.

“சார், கடவாப்பல் பேசறேன். பதினொண்ணு சரிதான், எங்க அக்கா பேசினது தப்பு. ரவுண்டு போகட்டும். ஆனா அதுக்கு அடுத்த விதி பன்னெண்டு. ஒரு வீரர் இன்னொரு வீரரக் கேவலமா பேசினா மேட்ச்லருந்து வெளிய அனுப்பணும்னு இருக்கு. ரெண்டு மாசமா பன்னெண்ட யாரும் படிக்கல. இப்ப படிங்க சார். எனக்கு ஆம்பளைங்களத்தான் பிடிக்கும். அது உண்மை, அத மறைக்கல. அந்த வார்த்த சொன்னவரு வெளிய போகணும்.”

நடுவர் பன்னிரண்டாம் விதியை வாய்விட்டுப் படித்தார். அந்தச் சிரிப்புக்காரன் பெயர் திரையிலிருந்து போனது. மாற்று ஆள் வந்தான்.

“தலைவி, குரல எனக்குக் குடும்மா” என்றான் தம்பி.

“எடுத்துக்கோங்கண்ணா” என்றாள் அவள். அழுதிருப்பாள் போல.

அதற்குப் பிறகு என் தம்பியைப் பார்க்க வேண்டுமே! “இடது வாசல், நீ குனி, நீ ஓடு, இப்ப!” மூன்றாவது ரவுண்டு எங்களுக்கு. நான்காவதும் எங்களுக்கு. ஐந்தாவதில் கடைசி ஆள்வரை நின்று, அரை அடி வித்தியாசத்தில் போனது. தோற்றார்கள். மேல் பிரிவு கைநழுவியது. நான் தின்ற அந்த ஒரு ரவுண்டால்தான்.

சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்ன மூஞ்சியை வைத்துக்கொண்டு திரும்புவது? ஸ்பீக்கரில் நர்ஸ் கேட்டாள்.

“அடுத்த சீசன் பாரம் நிரப்பணும். குரல்னு யார் பேரு போட?”

“என் பேருதான். விளையாட்டுப் பேரு வேண்டாம், நெஜப் பேரையே போடு” என்றான். எழுத்து எழுத்தாக, அவசரமில்லாமல் சொன்னான். பிறக்கும்போது அவனுக்கு நான் தேர்ந்தெடுத்த பெயர் அது.