ஊருக்கெல்லாம் ஒரே நம்பர்

இருபதாம் தேதி காலை என் சாக்குக் கடையின் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது பருப்பு மண்டி வேலுச்சாமி போன் செய்தார். "சங்கரபாண்டியன் அண்ணாச்சி தவறிட்டாவ" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், "அவிய போன் இப்ப யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டார். சீ என்று வந்தது. ஆனால் அதே கேள்வி என் மனதிலும் வந்துவிட்டிருந்தது என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். கோவில்பட்டி மார்க்கெட் பக்கம் ஒரு மாடியறையில், சிறு வியாபாரிகளுக்கு வரிக் கணக்கு தாக்கல் செய்துகொடுத்தவர். ஊர் அவரை ஆடிட்டர் என்றது. "நான் ஆடிட்டர் இல்ல, ஃபாரம் எழுதுதவன்" என்று ஒவ்வொரு முறையும் திருத்துவார். விற்பனை வரிக் காலத்தில் கார்பன் தாள் வைத்து எழுதியவர், ஜிஎஸ்டி வந்தபோது ஐம்பதைத் தாண்டிய வயதில் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டார்.

பதிவு செய்யக் கைப்பேசி எண் கேட்டார்கள். கடைக்காரர்கள் நாங்கள் அத்தனை பேரும், "உங்க நம்பரையே போட்ருங்க அண்ணாச்சி" என்றோம். நம்பிக்கை என்று சொல்லிக்கொண்டோம். வெறும் சோம்பேறித்தனம்தான் அது. "நான் என்ன சாகாவரமா வாங்கிட்டு வந்திருக்கேன்?" என்று கேட்டார். சிரித்தோம். அன்று முதல் எங்கள் எல்லாருடைய ஓடிபியும் அவர் சட்டைப்பையில்தான் வந்து விழுந்தது.

பிறகு விதிகள் மாறின, மாறிக்கொண்டே இருந்தன. வரி விகிதத்தை மாற்றினார்கள். ஃபாரத்தில் தானாக வந்து விழும் தொகையைக் கைவைத்துத் திருத்த முடியாதபடி பூட்டினார்கள். நோட்டீஸ் தபாலில் வருவது நின்றது. இணையதளத்தின் ஏதோ ஒரு மூலையில் போட்டுவிட்டு, கொடுத்தாயிற்று என்றார்கள். எப்போதும்வென்றான் கிராமத்தில் எண்ணெய்ச் செக்கு வைத்திருந்த ஒரு அம்மாவின் பதிவு அப்படித்தான் ரத்தானது. அதன் பிறகுதான் இவரிடம் வந்தார். அண்ணாச்சி அவரோடு மூன்று முறை பஸ்ஸேறி அலுவலகத்துக்கு அலைந்தார். ஒரு பைசா வாங்கவில்லை. சைட்டில் போட்டிருக்கிறோமே, பார்க்கவில்லையா என்று கேட்டார்களாம். "செக்கு ஆட்டுத பொம்பள எண்ணெயப் பாப்பாளா, இவனுவ சைட்டப் பாப்பாளா?" என்று வந்து பொரிந்தார்.

இறப்பதற்கு முந்தின வாரம் நெஞ்சுவலியோடு திருநெல்வேலியில் ஆஸ்பத்திரியில் இருந்தார். என் பதிவையும் ரத்து செய்யப்போவதாக நோட்டீஸ் வந்திருப்பதைப் பக்கத்துக் கம்ப்யூட்டர் சென்டரில் சொன்னார்கள். இருபதாம் தேதிக்குள் பதில் போட வேண்டும். பதிவு போனால் எந்த மண்டியும் என்னிடம் சாக்கு வாங்காது. நோட்டீஸைத் திறக்க ஓடிபி கேட்டுக் கூப்பிட்டேன். அவர் மனைவி, எனக்கு மதினி முறை, "அவியளுக்கு மூச்சு வாங்குது தம்பி" என்றார். அதற்குள் அண்ணாச்சியே போனை வாங்கி ஆறு எண்களையும் சொன்னார். ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவே மூச்சு இளைத்தது. எழுதிக்கொண்டு வைத்துவிட்டேன். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை.

பதிலை அனுப்ப இன்னொரு ஓடிபி வேண்டும். அதற்கான கடைசி நாளில்தான் அவர் இறந்தார். மற்றக் கடைக்காரர்களுக்கும் மாதக் கணக்கு தாக்கல் செய்யக் கடைசி நாள் அதுதான். இழவு வீட்டில் மாலையோடு வந்த பத்துப் பேர் அந்தக் கைப்பேசியைச் சுற்றியே நின்றோம். அது பூட்டியிருந்தது. அவர் கட்டைவிரல் வைத்துத்தான் திறப்பார் என்று யாரோ மெல்லச் சொன்னார்கள். மாலை போடக் குனிந்த நான், அவர் கையைப் பிடித்து விரலை அதில் வைத்து அழுத்தினேன். திறக்கவில்லை. விரலைத் துடைத்துவிட்டு மறுபடியும் அழுத்தினேன்.

மதினி பார்த்துக்கொண்டிருந்தார். "விடுங்க தம்பி. அதத் திறக்குத நம்பர் எனக்குத் தெரியும்" என்றார்.

அண்ணாச்சியின் தலைமாட்டில் மதினி உட்கார்ந்து, பாடையைத் தூக்கும்வரை ஒவ்வொரு கடைக்கும் வந்த எண்களை வாசித்தார். நானும் என் எண்ணை வாங்கிக்கொண்டு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனில் சொன்னேன். பதில் போய்ச் சேர்ந்தது.

அண்ணாச்சி, எனக்குப் பதிவு பிழைத்தது. உங்கள் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்த்தேனா என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியவில்லை. விரலைத்தான் பார்த்தேன். போய் வாருங்கள்.