மேடம் ஊதிய குழாய்

வாய் வைக்கும் இடத்தில் நீல நாடா சுற்றிய அந்தக் கண்ணாடிக் குழாய் இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. பாளையங்கோட்டையில் எங்கள் ஆய்வுக்கூடத்தின் தலைவியை எல்லோரும் மேடம் என்றே அழைத்தோம். குழாயில் ஊதும் மூச்சினூடே ஒளியைச் செலுத்தி, அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று அந்தக் கணமே திரையில் காட்டும் நிறமாலைமானியை உருவாக்கிக்கொண்டிருந்தோம். மூச்சில் நீராவிதான் அதிகம். அதன் கோடுகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் அசிட்டோனைப் பிரித்துக் காட்டுவதற்குள் எங்களுக்கு உயிர் போய் உயிர் வந்துவிடும். தினமும் காலையில் முதல் மூச்சு மேடத்துடையது. நல்ல உடம்புக்கு அவர்தான் எங்கள் அளவுகோல்.

அந்த ஐப்பசியில் நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. ஏற்கெனவே இரண்டு முறை கலைந்திருந்ததால், வயிற்றில் கை வைத்துப் பார்க்கவே பயந்துகொண்டிருந்தேன். அந்த வாரம் மேடம் ஊதும்போதெல்லாம் அசிட்டோன் மேடு நாளுக்கு நாள் உயர்ந்தது. கருவியின் கண்ணாடிகளைத் துடைத்தேன், குழாயைக் கழுவினேன். நான் ஊதினால் ஒழுங்காகவே காட்டியது. சர்க்கரை முற்றினாலும் அசிட்டோன் இப்படி ஏறும் என்பது நினைவுக்கு வந்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இன்றே டாக்டரைப் பாருங்கள் என்று அவரிடம் அழாத குறையாகச் சொன்னேன்.

"ஏட்டி, சுகரெல்லாம் ஒண்ணுமில்ல. சஷ்டி விரதம். அஞ்சு நாளா வெறுந்தண்ணிதான். பட்டினி கெடந்தாலும் அது ஏறத்தான செய்யும்."

திருநீறு பூசிக்கொண்டு வருகிறவர்களையே கிண்டல் செய்கிறவர் அவர். திருச்செந்தூர் பஸ்களில் கூட்டம் பிதுங்குவதைத் தினமும் பார்த்தும் எனக்குத் தோன்றாமல் போனது அதனால்தான். "நீங்களா மேடம்?" என்றேன்.

"எனக்காவா இருக்கேன்? ஒனக்கு ரெண்டு தடவ போச்சுல்லா. இதாவது தங்கட்டும். வெளிய சொல்லிராத, கேலி பண்ணியே என்னயக் கொன்னுருவாளுவ."

எனக்கு அழுகை பொங்கிவிட்டது. "மூச்சப் பைய விடுட்டி, புள்ளைக்கு ஆவாது" என்று முதுகைத் தடவிக்கொடுத்தார்.

என் மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். விரதத்தால்தான் தங்கினாளா என்று எனக்குத் தெரியாது. ஒருவர் எனக்காகப் பசித்திருந்ததை நான் கண்ணால் பார்த்தேன், அவ்வளவுதான் தெரியும்.

மேடம் ஓய்வு பெற்று அம்பாசமுத்திரத்தில் இருந்தார். இந்த வாரம் நெல்லையில் ஓர் ஆஸ்பத்திரியில், மூச்சுக்கே கருவி தேவைப்படும் நிலையில் படுத்திருக்கிறார். இப்போது முதல் மூச்சு என்னுடையது. இன்று காலையில் நான் ஊதியதும், கூட வேலை பார்க்கும் பெண் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அசிட்டோன் தெனமும் ஏறிக்கிட்டே போவுதேக்கா. மெஷின்ல கோளாறா?"

"மெஷின் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி, நீல நாடாவைத் துடைத்துக் குழாயை மேசையில் வைத்தேன்.